லென்ஸக்காவின் வலது கண்

லென்ஸக்காவிடம் ஜூம் லென்ஸைக் கொண்டுபோனால் கையால்கூடத் தொட மாட்டாள். "நாலு தெரு தள்ளி ஒரு கடை இருக்கு, அங்க பாப்பாங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். அவள் பழுதுபார்ப்பதெல்லாம் பழைய பிரைம் லென்ஸ்கள். அதிலும் எட்டு மில்லி, பதினாறு மில்லி ஃபிலிம் கேமராக்களில் திருகிப் பொருத்துகிற குட்டி லென்ஸ்கள். பெரும்பாலும் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் அலுமினியம், உள்ளே நாலைந்து கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பார்வைதான். அகலமாகப் பார்ப்பது அகலமாகவே பார்க்கும்; தூரத்தை இழுப்பது தூரத்தையே இழுக்கும். "கிட்ட வேணும்னா நீ நடந்து போ. லென்ஸை ஏன் இழுத்து நீட்டுற?" என்பாள்.

எல்லாம் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய லென்ஸ்கள். ஆனாலும் அவளுக்கு வேலை குறைந்ததே இல்லை. ஃபிலிமில் படமெடுக்கிற பைத்தியம் மறுபடியும் நிறையப் பேரைப் பிடித்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணப் படம் எடுப்பவர்கள், பிள்ளை பிறந்த பூரிப்பில் கேமரா வாங்கிய அப்பாக்கள் என்று வாரத்துக்குப் பத்துப் பெட்டியாவது தபாலில் வரும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, கழற்றிய திருகுகளைப் போட்டுவைக்க முட்டை அட்டைகள். அந்த மேசைப் பக்கம் நின்று யாரும் தும்மக்கூடக் கூடாது. கணவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தும்மல் வந்தால் சமையலறைக்கு ஓடிவிடலாம், திட்டு விழாது.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலையில் வண்டியெடுத்து மதியம் மூன்று மணிக்கு வீடு வந்துவிடுவார். வந்ததும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் டீ குடிப்பார்கள். அவர் அன்றைக்கு ஏறி இறங்கியவர்களைப் பற்றிச் சொல்வார், அவள் அன்றைக்குத் திறந்து மூடிய லென்ஸ்களைப் பற்றிச் சொல்வாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷமாக இதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அந்த வருஷம் மட்டும் அவள் வாயில் ஒரே புகார்.

"வர்ற லென்ஸ் எல்லாம் மூட்டமா இருக்குங்க. உள்ள பால் ஊத்தினாப்ல. இந்தக் காலத்துப் பசங்க எங்கதான் வெச்சுத் தொலைக்கிறாங்களோ!"

"மழை ஜாஸ்தி இல்ல? ஈரம் பூந்திருக்கும்" என்பார் ஓட்டுநர்.

பிறகு அது விளக்கின் குற்றமாயிற்று. பல்பு மங்கல் என்றாள். பெரிதாக ஒன்று வாங்கி மாட்டினார். மஞ்சளாக இருக்கிறது என்றாள்; வெள்ளையாக ஒன்று வாங்கி வந்தார். அப்புறம் கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்று, அப்புறம் இன்னொன்று. "இப்படியே போனா நம்ம வீட்டுல ஏரோப்ளேன் வந்து இறங்கிடும்டி" என்றார். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய்வரும்போது, "இந்தத் தெருவிளக்கைச் சுத்தி எதுக்கு வளையம் வளையமா வருது? மட்டமான விளக்கா வாங்கிப் போட்டிருக்காங்க" என்று அதையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தீயணைப்புத் தம்பியின் லென்ஸ் வந்தது.

அவன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். அவள் வீட்டு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை, அவ்வளவு உயரம். ஆளுக்குத் தக்க குரல் கிடையாது. லென்ஸக்காவிடம் பேசும்போது குரல் இன்னும் இறங்கிவிடும். வீட்டில் ஏழு வயது இரட்டைப் பெண் குழந்தைகள். மாதம் ஒரு ரீல், மூன்று நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு, அவர்களைத்தான் எடுப்பான். அவனுடைய பதினாறு மில்லி கேமராவின் முகத்தில் மூன்று லென்ஸ்கள் வட்டமாக நிற்கும். தட்டைச் சுற்றினால் வேண்டியது முன்னால் வரும். அகலமானதற்குப் பரப்பு, நீளமானதற்கு நீட்டு என்று பேர் வைத்திருந்தான். இடையில் இருப்பது இருபத்தைந்து மில்லி. அதற்குப் பேர் வைக்கவில்லை. அது "நம்ம லென்ஸ்". பிள்ளைகள் தவழ்ந்தது, பல் விழுந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது எல்லாம் அதில் எடுத்ததுதான்.

"ஃபோகஸ் வளையம் இறுகிப்போச்சுக்கா. ரெண்டு கையால திருக வேண்டியிருக்கு."

"உன் கைக்கே இறுக்கமா? வெச்சுட்டுப் போ."

பழைய மசகு காய்ந்து பிசினாகியிருந்தது. அரை நாள் வேலை. கழுவி, புது மசகு தடவி, பூட்டி, கடைசியாக டார்ச்சை அடியில் பிடித்து வலது கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தக் கண்ணால்தான் பார்க்கிறாள். உள்ளே மூட்டம்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். திறந்து துடைத்தாள். மூட்டம் போகவில்லை. மறுபடி திறந்து வேறு திரவத்தால் துடைத்தாள். போகவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே இருந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. முன்கண்ணாடியின் மேல் ஊதா நிறத்தில் மின்னுகிற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. வெளிச்சம் உள்ளே சிதறாமல் காப்பது அதுதான். அந்தப் பூச்சே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள்.

"தேய்ச்சு எடுத்துடலாமா தம்பி? பூச்சு போயிடும். ஆனா இந்த மூட்டத்தோட இருக்கறதுக்கு அது மேல்."

"நீங்க சொன்னா சரிக்கா" என்றான் அவன்.

மெருகுப் பசை போட்டு ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாள். பூச்சு போயிற்று. மூட்டம் இருந்தது. "இதுக்கு மேல என்னால ஆகாதுப்பா" என்று லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஓட்டுநர் ஒருநாள் காலை பத்து மணி நடைக்கு வண்டியெடுத்தபோது தீயணைப்புத் தம்பி ஏறினான். வணக்கம் வைத்தான். அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் முழங்காலை மடக்கி நெருக்கி உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய வீட்டு நிறுத்தம் போயிற்று, தீயணைப்பு நிலையம் போயிற்று, சந்தை போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின்னும் அப்படியே இருந்தான்.

"எங்க தம்பி போகணும்?"

"எங்கயும் இல்லண்ணே. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"முக்கால் மணி நேரமா பின்னாடிதானே உக்காந்திருந்த?"

அவன் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினான். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

ஓட்டுநருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் அவனுக்கும் டீ ஊற்றினார். "அது கிடக்கட்டும். அவளை அக்காங்கற, என்னை அண்ணேங்கற. அப்போ எனக்கும் அவளுக்கும் என்ன முறை ஆச்சு? மாமான்னு கூப்பிடுடா."

"சரிங்க மாமா" என்றான். ஆனால் முகம் இளகவில்லை. பையிலிருந்து இரண்டு ஃபிலிம் துண்டுகளை எடுத்தான். ஒன்று லென்ஸைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் எடுத்தது. இன்னொன்று வாங்கியபிறகு எடுத்தது. அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். இரண்டிலும் குழந்தைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைகிறார்கள். முதல் துண்டில் அவர்களுடைய முன்நெற்றி முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டாவதில் ஜன்னல் வெளிச்சம் கரைந்து வழிந்து இரண்டு முகங்களையும் மூடிக்கொண்டிருந்தது.

"மூட்டம் இருந்திருந்தா முதல் ரீல் இப்படி வந்திருக்காது மாமா. என் லென்ஸ்ல ஒண்ணுமே இல்ல. அக்காவுக்கு எப்படி அப்படித் தெரிஞ்சுதுன்னு..." அவன் நிறுத்திக்கொண்டான். "லென்ஸுக்காக வரல. சத்தியமா. அக்காவுக்குக் கண்ணு சரியா இருக்கான்னு கேட்கத்தான் வந்தேன்."

ஓட்டுநர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். வாங்கி மாட்டிய பல்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தெருவிளக்கு வளையம், போன மாதம் அவள் தடவித் தடவி ஊசி கோத்தது, எல்லாம் வந்தன. வருஷா வருஷம் அவருக்குக் கண் பரிசோதனை உண்டு. எழுத்துகளைப் படித்துக் காட்டினால்தான் வண்டி கொடுப்பார்கள். ஆனால் நாளெல்லாம் கண்ணை வைத்தே பிழைக்கிற இவளை யார் சோதித்தார்கள்?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரால் சொல்ல முடியவில்லை. டீ குடித்தார், பேசாமல் எழுந்து போய்விட்டார். மறுநாளும் இரண்டு முறை வாயெடுத்து மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் டீயை அப்படியே வைத்துவிட்டு முன்னறைக்குப் போய், மேசைமேல் அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் காட்டினார்.

"இது எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? மூட்டம்தான். ஏன், நீங்க துடைக்கப் போறீங்களா?"

"இடது கண்ணால ஒருதரம் பாரேன்."

"இடது கண்ணால எதுக்குப் பாக்கணும்?"

"எனக்காகப் பாரேன்மா."

அவர் குரலில் இருந்த எதுவோ அவளைத் திட்ட விடவில்லை. உருப்பெருக்கியைக் கழற்றி இடது கண்ணில் வைத்துக்கொண்டாள்; பழக்கமில்லாததால் இரண்டு முறை நழுவியது. டார்ச்சை அடியில் பிடித்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீர் போலச் சுத்தமாக இருந்தது கண்ணாடி.

வலது கண்ணுக்கு மாற்றினாள். மூட்டம். இடது. சுத்தம். மறுபடி வலது. பிறகு அலமாரியைத் திறந்தாள். 'மூட்டம்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த பதினோரு லென்ஸ்களையும் வரிசையாக எடுத்து இடது கண்ணால் பார்த்தாள். ஒரே ஒன்றில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் பூஞ்சை இருந்தது. மீதிப் பத்தும் பளிச்சென்று இருந்தன.

பதினோராவதைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அந்தத் தம்பியோட லென்ஸ்" என்றாள்.

ஓட்டுநர் அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார்.

"நல்ல லென்ஸுங்க அது. நல்லா இருந்த பூச்சை உக்காந்து தேய்ச்சு எடுத்திருக்கேன். ஒரு நாள் பூரா." அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"முந்தாநேத்து. அந்தப் பையன் பஸ்ல வந்து சொன்னான்."

"என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட ஏன் சொன்னான்?"

"உன்னைப் பாத்தா பயம் அவனுக்கு. எரியற வீட்டுக்குள்ள போவான், உன்கிட்ட வர மாட்டான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஓட்டுநர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அவருடைய சீருடைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆறிப்போன டீயை அன்றைக்கு யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார். இருவரும் பயணிகளாகவே பஸ்ஸில் ஏறித் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார்கள். தம்பி தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சுருளை அப்படியே விட்டுவிட்டான்.

"தப்பு என்னுதுதான் தம்பி. உன் லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. குறை என் கண்ணுல."

"பரவாயில்லக்கா. அதனால என்ன?"

"பரவாயில்லன்னு சொல்லாத. அதுல இப்போ படம் எப்படி வருது? உள்ளதைச் சொல்லு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான், ஓட்டுநரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "சில பேருக்கு அப்படி வெளிச்சம் வழியறது பிடிக்கும்க்கா. எனக்குப் பிடிக்கல. பிள்ளைங்க மூஞ்சி தெரிய மாட்டேங்குது."

"அப்படிச் சொல்லு" என்றாள் லென்ஸக்கா. அவளுக்கு அதுதான் தேவையாக இருந்தது. "என்கிட்ட இதே லென்ஸ் ஒண்ணு இருக்கு, என் கேமராவுல. அதோட முன்கண்ணாடியைக் கழட்டி உன்னுதுல போட்டுத் தரேன். உன்னுதை நான் வெச்சுக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா. உங்க லென்ஸைக் கெடுத்துக்கிட்டு..."

"நான் கேட்கல தம்பி, சொல்றேன். ஆனா இப்போ இல்ல. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இனி எதையும் தொட மாட்டேன். அவசரம்னா வேற ஆள்கிட்ட போ, நானே எழுதித் தரேன்."

"நான் காத்துட்டிருக்கேன்க்கா" என்றான் அவன்.

கண் மருத்துவமனையில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "வலது கண்ணுல புரை முத்தியிருக்கும்மா. கண்ணுக்குள்ளயும் ஒரு லென்ஸ் இருக்கு, அது மங்கிப்போச்சு" என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

"கழட்டித் துடைச்சு வைக்க முடியாதா?"

"முடியாதும்மா. எடுத்துட்டு வேற வைக்கணும்."

"வேலை ஜாஸ்தியா இருந்தா நானும் ஜனங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள் லென்ஸக்கா சந்தேகமாக.

அதற்குப்பிறகு அந்த டாக்டர் பட்டபாடு கொஞ்சமல்ல. வைக்கப்போகும் லென்ஸில் எத்தனை கண்ணாடி? ஒன்றுதான். ஒன்றே ஒன்றா, ஓரம் மங்காதா? கண்ணாடியும் கிடையாது, ஒரு வகை பிளாஸ்டிக். பூச்சு உண்டா? உள்ளே எது பிடித்து நிறுத்துகிறது? திருகா? டாக்டர் கடைசியில் ஒரு மாதிரி லென்ஸை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டார். இரண்டு மெல்லிய மீசை வைத்த, பருப்பைவிடச் சின்னப் பொருள். லென்ஸக்கா இடது கண்ணால் அதை வெகுநேரம் பார்த்தாள். "நல்லா பண்ணியிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு, ஒரே தூரத்துக்கு மட்டும் ஃபோகஸ் ஆகும். மத்த தூரத்துக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கணும். இன்னொண்ணு கிட்டயும் காட்டும், தூரத்தையும் காட்டும். எது வைக்கட்டும்?"

ஓட்டுநர் சத்தமாகச் சிரித்துவிட்டார். டாக்டருக்குப் புரியவில்லை.

"முதல்ல சொன்னது" என்றாள் லென்ஸக்கா. "பிரைம்."

"சரி. எந்தத் தூரத்துக்கு வைக்கணும்? பொதுவா எல்லாரும் தூரப் பார்வைக்குத்தான் கேட்பாங்க. படிக்கிற தூரத்துக்கும் வைக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

ஒரு வாரம் யோசித்தாள். வீட்டில் அளவு நாடா வெளியே வந்தது. பட்டறை மேசையில் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஓரடி. ஆனால் வேலைக்கு எப்படியும் உருப்பெருக்கி இருக்கிறது, அது வழியாகப் பார்க்க எந்தத் தூரமானாலும் சமாளித்துக்கொள்ளலாம். தூரப் பார்வைக்கு இடது கண் தேவலை. ஓட்டுநர் தன் யோசனையையும் சொன்னார்: "தூரமாவே வெச்சுக்கோயேன். தெருமுனையில நான் வர்றதைப் பாக்கலாம்."

"நீங்க வர்றது எனக்குச் செருப்புச் சத்தத்துலயே தெரியும்."

சனிக்கிழமை டீ குடிக்கும்போது அவள் திடீரென்று நாடாவை எடுத்து ஒரு முனையைத் தன் புருவத்தில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவர் மூக்கு வரை நீட்டினாள். அவர் டீக்கோப்பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டேகால் அடி" என்றாள்.

"ஏம்மா, இருபத்தொன்பது வருஷம் பாத்தது போதாதா இந்த மூஞ்சியை?"

"ஆடாதீங்க, அளவு தப்பிடும்."

டாக்டர் அந்த அளவைக் குறித்துக்கொண்டபோது, "எதுக்கும்மா இவ்வளவு கணக்கா?" என்று கேட்டார். "அங்கதான் எனக்கு ஜோலி இருக்கு" என்றாள் லென்ஸக்கா. ஓட்டுநர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்; காது இரண்டும் சிவந்திருந்தன.

அறுவை சிகிச்சை முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தபோது முதலில் டாக்டரின் சட்டை தெரிந்தது. அவ்வளவு நீலமான நீலத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பதற்றத்தோடு குனிந்து, "தெரியுதா?" என்றார்.

"மூக்குல இவ்வளவு கரும்புள்ளியா உங்களுக்கு? சோப்புப் போடறீங்களா இல்லையா?"

அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் குனியக்கூடாது, கனமாகத் தூக்கக்கூடாது என்று உத்தரவு. அந்த மூன்று வாரத்தில் அவள் செய்தது ஒரே வேலை. 'உங்கள் லென்ஸ் மூட்டம்' என்று அவள் சொல்லியனுப்பிய பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, தவறு லென்ஸில் இல்லை, தன் கண்ணில் என்று சொன்னாள். பெரும்பாலோர் முதலில் கண் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "அதானே பாத்தேன்! எனக்கு ஒண்ணும் தெரியலயேன்னு என் கண்ணைப் போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன் ஆன்ட்டி" என்றாள். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேச்சை நம்பி அந்த அகல லென்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். அது போல இன்னொன்று அவருக்குக் கிடைக்கவில்லை. "இப்போ சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று வைத்துவிட்டார். அவள் இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. அப்படி ஒரு லென்ஸ் எங்காவது விற்பனைக்கு வருகிறதா என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நாலாவது வாரம் தீயணைப்புத் தம்பியின் லென்ஸைத் திறந்தாள். பக்கத்தில் தன்னுடையது. வெளியே இருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான், ஆனால் செய்த காலத்தில் ஒவ்வொரு லென்ஸின் கண்ணாடிகளையும் ஒன்றுக்கொன்று பார்த்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டதும் அது தெரிந்தது. நடுவில் கூர்மை, ஓரத்தில் கலங்கல். முன்கண்ணாடி ஒரு மயிரிழை தள்ளி உட்கார வேண்டும். சிகரெட் தாளைவிட மெல்லிய பித்தளை வளையங்களை வெட்டி, ஒன்று போட்டுப் பார்த்தாள், இரண்டு போட்டுப் பார்த்தாள், தேய்த்துப் பாதியாக்கிப் போட்டுப் பார்த்தாள். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஓரம் வந்தது, எதிர் ஓரம் போயிற்று. ஓட்டுநர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சுவிடாமல் பின்னாலேயே நகர்ந்து போனார். மூன்றாம் நாள் மதியம் கூர்மையைச் சோதிக்க எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கோட்டுப் படத்தின் நாலு மூலையும் ஒரே நேரத்தில் கூராக வந்து நின்றன. வலது கண்ணால் பார்த்தாள், இடது கண்ணாலும் பார்த்தாள். பிறகு சமையலறைக்குக் கேட்கும்படி, "இனி தும்மிக்கலாம்" என்றாள்.

தேய்ந்த கண்ணாடியைத் தன் லென்ஸில் பூட்டித் தன் கேமராவில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. புது ரீல் கழுவி வந்துவிட்டது, நிலையத்திலேயே போடப் போகிறார்கள், இருவரும் கட்டாயம் வர வேண்டும். ஞாயிறு மதியம். இரண்டு தீயணைப்பு வண்டிகளுக்கும் நடுவே வெள்ளைச் சுவர். வெளிச்சம் வராமல் பெரிய இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். அவனோடு வேலை செய்யும் எட்டுப்பேர், அவன் மனைவி, இரட்டையர்கள், எல்லோருக்கும் மடக்கு நாற்காலி. இரட்டையர்களில் ஒருத்தி வந்து லென்ஸக்காவின் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "உள்ள லென்ஸ் இருக்கா? தெரியலயே" என்றாள். "நல்ல லென்ஸ்னா தெரியாது" என்றாள் லென்ஸக்கா.

புரொஜெக்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. சுவரில் நீச்சல் குளம். இரண்டு பெண்களும் கரையில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அடிக்கிறார்கள். பின்னாலிருந்து நேர் வெயில். துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறந்தது. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது தெரிந்தது, ஒருத்திக்கு மேல்பல் பாதி முளைத்திருந்தது தெரிந்தது. யாரோ ஒருவர் ரசித்துச் சப்புக்கொட்டினார். தம்பி சுவரைப் பார்க்கவில்லை. லென்ஸக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் நாலு மூலைகளையும் பார்த்தாள், பிறகுதான் குழந்தைகளைப் பார்த்தாள்.

"மூஞ்சி தெரியுது" என்றாள்.

"தெரியுதுக்கா" என்றான் அவன்.

இருபது வினாடி ஓடியிருக்காது, மணி அடித்தது. நாற்காலிகள் சரிந்தன, இரும்புக் கதவு மேலே போனது, வெளிச்சம் கொட்டிச் சுவரில் இருந்த படம் அழிந்தது. ஒரு நிமிஷத்துக்குள் தம்பியும் மற்ற எட்டுப்பேரும் ஏறி, ஒரு வண்டி கிளம்பியே விட்டது. புரொஜெக்டர் மட்டும் வெறும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டி திரும்பிய விதத்தை எட்டிப் பார்த்து, "நல்லா ஒடிக்கிறான்" என்று பாராட்டினார்.

"வந்துடுவாங்க. எப்பவும் இப்படித்தான்" என்று தம்பியின் மனைவி புரொஜெக்டரை நிறுத்திவிட்டு டீ போடப் போனாள். இரட்டையர்கள் லென்ஸக்காவின் இருபுறமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குளத்தில் யார் யாரை முதலில் தள்ளிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டே ரீலைச் சுற்ற உதவினார்கள். ஓட்டுநர் சாய்ந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

முக்கால் மணி நேரத்தில் வண்டி திரும்பியது. "யாரோ அடுப்புல ரொட்டியை வெச்சுட்டு ஃபோன் பேசியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது பேரும் இறங்கினார்கள். புகை வாசனையோடு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கதவு மறுபடி பாதிக்கு இறங்கியது. லென்ஸக்கா ஓட்டுநரை முழங்கையால் இடித்து எழுப்பினாள். தம்பி ரீலை முதலிலிருந்து போட்டான்.